முப்பத்தேழாவது வியப்பு

கான்சாஸ் மாநிலத்தில் ஒரு தகவல் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, வியப்பாகவும் இருக்க வேண்டும். வெறும் உண்மைகள் வயல் வரப்பெல்லாம் கிடக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம், அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. வியப்பானவற்றைப் பொறுக்கி, எண் போட்டு, முத்திரை குத்தி மக்களிடம் சேர்ப்பதற்கென்று தலைநகர் டொபீகாவில் மாநில வியப்புத் தகவல் வாரியம் இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடம், வாசலில் கொடிக்கம்பம், உள்ளே நூற்றுப் பத்துப் பேர். அவர்கள் எதையும் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததைத் தெரியாதது போலச் சொல்லும் வேலை அவர்களுடையது.

சொல்லும் இடம் உணவகம். தட்டுக்கு அடியில் விரிக்கிற காகிதத்தில் ஐம்பது தகவல்களை அச்சடித்து மாநிலம் முழுக்க அனுப்புகிறார்கள். பசியோடு காத்திருப்பவன் எதைக் கொடுத்தாலும் படிப்பான் என்பது அவர்கள் கணக்கு, அந்தக் கணக்கு தப்பவும் இல்லை. முதல் தகவல்: கான்சாஸ் நிலம் பான்கேக்கைவிடத் தட்டை, ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்துவிட்டார்கள்! பன்னிரண்டாவது: கோடெல் என்ற ஊரை மூன்று வருடம் அடுத்தடுத்து, அதே மே இருபதாம் தேதி, சுழற்காற்று தாக்கியது! இப்படியே போகும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் ஆச்சரியக்குறி.

டெல்மர் வாஸிங்கர் மனைவியைப் புதைத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் ஆர்லோ, நாலு மனித முகம் பார்க்கட்டும் என்று, ஒரு சனிக்கிழமை அவரை டன்வுடியில் இருந்த ஜோலீனின் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்து வந்தான். ஜோலீன் காகிதத்தை விரித்து, அதன்மேல் பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பை வைத்து, பக்கத்தில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியையும் வைத்தாள். அங்கெல்லாம் அது இல்லாமல் இது இறங்காது. டெல்மர் கரண்டியை எடுக்கவில்லை.

"என்ன மச்சான், ஆறிப்போவுது பாரு."

டெல்மர் கிண்ணத்தை நகர்த்தினார். அதன் அடியில் முப்பத்தேழாவது தகவல் இருந்தது. டன்வுடி மாவட்டத்தில் சுழற்காற்றால் இன்றுவரை ஒருவர்கூட இறந்ததில்லை!

"ஜோலீன், இது பழைய தாளாம்மா?"

"இல்லண்ணே, வியாழக்கிழமைதான் புதுக் கட்டு வந்துச்சு. ஏன், கிழிஞ்சிருக்கா?" அவள் குனிந்து படித்தாள். "ஐயோ, நான் பார்க்கலண்ணே. சத்தியமா பார்க்கல. யாரு இதையெல்லாம் படிக்கிறா?"

சட்டென்று காகிதத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம், தேனீ எந்த வழியாகப் போனால் சூரியகாந்தியை அடையும் என்ற குழந்தைப் புதிர் இருந்தது. டெல்மர் அதை மறுபடி திருப்பி முன்பக்கமே வைத்துக்கொண்டார்.

யார் படிக்கிறார்கள் என்று ஜோலீன் கேட்டது சும்மா. டன்வுடியில் அதைப் படிக்காத ஆள் கிடையாது. முப்பத்தோரு வருடமாக அந்த வரி அந்த மாவட்டத்தை வளர்த்திருக்கிறது. சுழற்காற்றுச் சைரன் அடித்தால் மற்ற ஊர்க்காரர்கள் நிலவறைக்குள் இறங்கிக் கதவைச் சாத்துவார்கள். டன்வுடிக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள். டெல்மர் வீட்டு நிலவறையில் டிராக்டர் டயர் ஆறு, விதை மூட்டை, ஓடாத இயந்திரத்தின் பல் சக்கரங்கள், கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் இருந்தன. மனிதர் இறங்கத்தான் இடம் இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் மனைவி லொரீன் அதைக் காலி பண்ணச் சொல்லுவாள். "நம்ம மாவட்டத்துல யாருடி செத்தது? காகிதத்துலயே போட்டிருக்கான்" என்று டெல்மர் ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்லுவார்.

லொரீன் செத்தது மே மாதம் ஒரு திங்கட்கிழமை. அந்தப் பக்கத்தில் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். வாராவாரம் அடிக்கும், அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபண்ணுகிறவர்களும் உண்டு. அன்றைக்கு உண்மையான சுழற்காற்று பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குக் கண்ணில் பட்டது, உண்மையான சைரன் பன்னிரண்டுக்கு அடித்தது. பதிவேட்டுக்காரர் கைப்பழக்கத்தில் 'சோதனை' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். காற்று டெல்மரின் வீட்டை, உள்ளே இருந்த லொரீனோடு, வாசல்படி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போயிற்று. ஒரு மைல் தள்ளி, இயந்திரக் கொட்டகையில் நடவு எந்திரத்துக்கு அடியில் படுத்திருந்த டெல்மரின் தொப்பிகூடப் பறக்கவில்லை.

டெல்மர் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். அவர் வாழ்நாளில் கடிதம் எழுதியவரே அல்ல. பிறந்தநாள் அட்டையில்கூட லொரீன்தான் இருவர் பெயரையும் எழுதுவாள். 'ஐயா, முப்பத்தேழில் தப்பு இருக்கிறது. என் மனைவி செத்துவிட்டாள். திருத்தவும்' என்று எழுதி, மரணச் சான்றிதழின் நகலையும் வைத்து அனுப்பினார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. வாரியம் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தது. பிறகு, சான்றிதழின்படி திருமதி வாஸிங்கர் மார்பின்மேல் கனமான பொருள் விழுந்து இறந்திருப்பதையும், அந்தப் பொருள் ஒரு குளிர்சாதனப் பெட்டி என்பதையும் சுட்டிக்காட்டியது. குளிர்சாதனப் பெட்டிகளால் ஏற்படும் மரணங்கள் பற்றி வாரியம் இதுவரை எதுவும் வெளியிட்டதில்லை. ஆகவே திருத்துவதற்கும் எதுவும் இல்லை.

"அந்தப் பெட்டி என்ன, கால் முளைச்சு நடந்து வந்து விழுந்துச்சா?" என்று ஆர்லோ சமையலறையில் நின்று கத்தினான். டெல்மர் அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதி அனுப்பினார்.

அடுத்த பதில் இன்னும் தெளிவாக இருந்தது. அன்று அடித்தது சோதனைச் சைரன் என்று மாவட்டப் பதிவேடு சொல்கிறது. சோதனைச் சைரனின்போது வீசும் காற்று சோதனைக் காற்றாகவே கருதப்படும். டெல்மர் வீடு இருந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பினார். படத்தில் ஒரு வாசல்படியும் நிறைய வானமும் தெரிவதாகவும், சுழற்காற்று எதுவும் தெரியவில்லை என்றும், ஒருவேளை வேறு படத்தை அனுப்ப நினைத்தாரோ என்றும் வாரியம் அன்போடு விசாரித்தது.

"விட்டுடு மச்சான். அக்கா திரும்பியா வரப் போறா? இந்தக் காகிதத்தோட என்ன மல்லுக்கட்டு?"

"நேத்துக் காத்து அடிச்சப்ப எதிர் வீட்டுக்காரன் பொண்டாட்டி புள்ளையோட வாசல்ல நின்னான்டா. அவ்வளவு ஆனப்புறமும் நிக்கிறான். லொரீனைப் பெட்டி அடிச்சுதுன்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறான். இந்த வரி இருக்கற வரைக்கும் ஒருத்தனும் கீழ இறங்க மாட்டான்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

ஆர்லோ வண்டிச் சாவியை எடுத்தான்.

வாரியத்தில் அவர்களை வரவேற்றவள் துணை இயக்குநர் கோர்ட்னி பெல்க்னாப். சிரித்த முகம். வியப்பு-9 என்ற படிவத்தைக் கொடுத்தாள். அதில் விண்ணப்பதாரர் பெயர், முகவரி, எந்தத் தகவல், எவ்வளவு வியப்பு என்று நாலு கட்டங்கள். நாலாவதில் என்ன எழுதுவது என்று டெல்மருக்குத் தெரியவில்லை.

"அது மில்லிமீட்டர்ல வரும் சார், நீங்க எழுத வேணாம், நாங்க அளந்துக்குவோம். விதி ரொம்ப சிம்பிள். ஒரு தகவலைத் தப்புன்னு சொல்லி எங்களால எடுக்க முடியாது. தப்புன்னு எடுக்க ஆரம்பிச்சா விரிப்பே காலியாயிடும், பாருங்க. அதைவிட வியப்பான தகவலைக் கொண்டுவந்தா, பழசை எடுத்துட்டு அதைப் போடுவோம். முப்பத்தேழு இப்ப ஆறு மில்லிமீட்டர்ல நிக்குது. பூஜ்யம்ங்கறது நல்லா வேலை செய்யற நம்பர் சார். உங்களோடது ஒண்ணு. ஒண்ணு கொஞ்சம் சிரமம்."

"ஒரு ஆள் செத்துப்போனது உண்மைதானேம்மா?"

"உண்மைதான் சார், யாரு இல்லேன்னா? உண்மைங்கறது தனி டிபார்ட்மென்ட். அதை ரெண்டு வருஷம் முன்னாடி மூடிட்டாங்க."

விசாரணைக் கூடத்தில் உயரமான மேசைக்குப் பின்னால் தலைவர் டாக்டர் ரேண்டல் ஆஸ்டர்ஹௌட் உட்கார்ந்திருந்தார். ஓரமாக, நேர் முதுகு நாற்காலியில், ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி. பெயர் மார்வா டீட்டர், பதவி முதல்நிலைப் புருவம். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையில் இருக்கிறாள். அவள் நெற்றிப் பக்கத்தில் ஒரு பித்தளை அளவுகோலைத் திருகிப் பொருத்தியிருந்தார்கள். தகவலைப் படிப்பார்கள், அவள் புருவம் எவ்வளவு உயர்கிறதோ அதுதான் மாநிலத்தின் வியப்பு. அவள் வீட்டில் செய்தித்தாள் பார்க்கக் கூடாது, அக்கம்பக்கத்தில் வம்பு கேட்கக் கூடாது, பிறந்தநாளுக்கு யாரும் திடீர் விருந்து வைக்கக் கூடாது. எல்லாம் பணி நிபந்தனைகள்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் வாஸிங்கர், முதல்ல இந்த வாரியத்தோட சார்புல உங்களை வரவேற்கிறேன். உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. ஆனா நீங்களும் எங்க வருத்தத்தைப் புரிஞ்சுக்கணும். முப்பத்தோரு வருஷமா பொத்திப் பொத்திக் காப்பாத்தின பூஜ்யம் இது. இடையில ரெண்டு தடவை ஆபத்து வந்துச்சு. ஒருத்தரை மரம் அடிச்சுது, அது மரம்னு நிரூபிச்சோம். இன்னொருத்தர் மாவட்ட எல்லையில கெடந்தாரு, தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். ஒரு முழு நாள் விவாதிச்சு, மனுஷன் கால் இருக்கற இடத்துலதான் நிக்கிறான்னு தீர்ப்பு சொன்னோம். இவ்வளவு உழைப்பு போட்ட ஒரு நம்பரை, ஒரு அம்மா, ஒரே ஒரு மத்தியானத்துல..." அவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "சரி, குறை சொல்லிப் பயனில்ல. படிங்க."

துணை இயக்குநர் படித்தாள். "டன்வுடி மாவட்டத்தில் சுழற்காற்றால் இறந்தவர் ஒருவர்!"

மார்வாவின் புருவம் அசையவில்லை.

"பூஜ்யம்" என்றாள் பெல்க்னாப். "சாரி சார்."

"பார்த்தீங்களா?" என்றார் தலைவர். "ஒருத்தர் செத்தா யாரும் ஆச்சரியப்படறதில்ல. இதுல அந்தம்மாவைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, மனுஷ சுபாவம். ஒண்ணு செய்யுங்க. அவங்ககிட்ட ஏதாவது விசேஷம் இருந்துச்சா? சொல்லுங்க, சேர்த்துப் பார்ப்போம்."

டெல்மர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நாற்பத்தொரு வருடம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறார்கள். விசேஷம் என்று கேட்டதும் எல்லாமே வரிசைகட்டி வந்தன, எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை.

"அவ குள்ளம்ங்க. அறுவடையில கோதுமை லாரியை அவதான் ஓட்டுவா. கால் எட்டாது, பிரேக்ல மரக்கட்டை கட்டிக் குடுத்திருந்தேன்."

"பூஜ்யம்."

"சர்ச்சுல பாடுவா. அரைத் தாளம் பின்னாலதான் பாடுவா. மத்தவங்க அவளுக்காக மெதுவாப் பாடிப் பாடி, இப்ப எங்க சர்ச்சுல எல்லாப் பாட்டுமே மெதுவா ஆயிடுச்சு."

"பூஜ்யம், சார்."

"கோஸும் கறியும் வெச்சு ரொட்டி சுடுவா. மாவு மீந்தா குட்டியா ஒண்ணு செஞ்சு, அதுல ஒண்ணுமே வெக்காம, என் தட்டுல வெச்சு ஏமாத்துவா. கல்யாணமான வருஷத்துலேர்ந்து. நானும் ஒவ்வொரு தடவையும் ஏமாந்துருக்கேன்."

அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்த பெல்க்னாப் தலையை ஆட்டினாள். ஆர்லோவுக்குப் பொறுக்கவில்லை. அவனும் எழுந்தான்.

"ஒருநாள் ஒஹையோவுலேர்ந்து ஒரு பொம்பளை ராங் நம்பர் போட்டாங்க. எங்கக்கா வெச்சுடல. பேசிக்கிட்டே இருந்தா. அதுலேர்ந்து பத்தொன்பது வருஷம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரெண்டு பேரும் போன்ல பேசுவாங்க. ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்ல. அந்தம்மாவுக்கு இப்ப யாரு சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கோம்."

மார்வாவின் புருவம் ஏறியது. கூடத்தில் ஒரு சலசலப்பு.

"நாலு மில்லிமீட்டர்!" என்றாள் பெல்க்னாப்.

தலைவர் கையை உயர்த்தினார். "போன் வந்தது ஒஹையோவுலேர்ந்து. அந்த நாலுல ரெண்டு ஒஹையோ மாநிலத்தோட வியப்பு. நாம எடுத்துக்க முடியாது. பெரிய சண்டையாயிடும்."

நாற்பத்தொரு வருடத்துக்கு ரெண்டு மில்லிமீட்டர் என்று டெல்மரின் மனசு தானாகவே கணக்குப் போட்டது, அதற்காக அவருக்கு அவர்மேலேயே அருவருப்பு வந்தது.

"ஐயா, வியப்பு கெடக்கட்டும். அந்த வரியை நம்பிக்கிட்டு சனங்க வாசல்ல நிக்கிது. இன்னொருத்தர் சாவாங்க."

"அப்ப ரெண்டு ஆகும்" என்றார் தலைவர் பொறுமையாக. "ரெண்டுங்கறது ஒண்ணைவிட மோசம். பத்துக்கு மேல போனாத்தான் மறுபடி ஏற ஆரம்பிக்கும். அப்ப வாங்க, கண்டிப்பா பார்க்கலாம்." அவர் விசாரணைக் கோப்பை மூடப் போனவர், என்னவோ தோன்றி நிறுத்தினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. சைரன் அடிச்சிருக்கு. வானம் தெரிஞ்சிருக்கும். அவங்க ஏன் அசையாம வீட்டுக்குள்ளயே இருந்தாங்க? காது கேக்காதா? காது கேக்காதவங்கன்னா மூணு மில்லிமீட்டர் கூடுதலாக் கிடைக்க வாய்ப்பிருக்கு."

"எங்கக்காவுக்குக் காது நல்லாவே கேக்கும்!" என்றான் ஆர்லோ. "பாம்புக் காது. திங்கட்கிழமை சோதனைன்னு நெனச்சிருப்பா, அவ்வளவுதான். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க."

"அவ அப்படி நெனைக்கல" என்றார் டெல்மர்.

ஆர்லோ திரும்பிப் பார்த்தான்.

டெல்மர் அவனைப் பார்க்கவில்லை. சுருட்டிய தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ எனக்குப் போன் பண்ணா. 'டெல், சைரன் அடிக்குது, வானம் பச்சையா இருக்கு, எனக்கு என்னமோ சரியாப் படல'ன்னா. நான் எந்திரத்துக்கு அடியில கெடந்தேன், கையெல்லாம் கிரீஸு. எரிச்சல்ல, 'இன்னிக்குத் திங்கட்கிழமைடி, வெறும் சோதனை, அதைப் போய் ஒரு போனா'ன்னு கேட்டேன். நான் சொன்னா அவ நம்புவா. நம்பிட்டா."

பித்தளை அளவுகோல் கிரீச்சிட்டது. மார்வாவின் புருவம் ஏறி, திருகாணியை முட்டிக்கொண்டு நின்றது. பெல்க்னாப் குனிந்து பார்த்தாள், நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"பதினொண்ணு" என்றாள். "சார், பதினொண்ணு!"

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வாரியத்தின் வரலாற்றில் கோடெல் ஊரே எட்டைத் தாண்டியதில்லை. பக்கத்து அறைகளிலிருந்து ஊழியர்கள் எட்டிப் பார்த்தார்கள், இரண்டு பேர் கைதட்டினார்கள். தலைவர் மேசையைச் சுற்றி வந்து டெல்மரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதை வெச்சுக்கிட்டா சார் இவ்வளவு நேரம் லாரி, ரொட்டின்னு பேசிக்கிட்டிருந்தீங்க? முதல்லயே சொல்லியிருக்கலாமே! மிஸ் பெல்க்னாப், எழுதுங்க."

அங்கேயே வாசகம் தயாரானது. டன்வுடி மாவட்டத்தில் சுழற்காற்றுக்குப் பலியானவர் ஒரே ஒருவர். சைரனைக் கேட்டு அஞ்சிய அவரிடம் "இன்று திங்கட்கிழமை, வெறும் சோதனை" என்று சொன்னவர் அவர் கணவர்!

"அவ பேரைப் போடணும்" என்றார் டெல்மர்.

தலைவர் நியாயமான மனிதர். பெயரைச் சேர்த்தும் ஒருமுறை படிக்கச் சொன்னார். லொரீன் வாஸிங்கர் என்று வந்ததும் மார்வாவின் புருவம் ஐந்துக்கு இறங்கிவிட்டது.

"பார்த்தீங்களா, பேர் போட்டா ஒரு ஆள் ஆயிடறாங்க. ஆள் ஆயிட்டா வியப்பு போயிடுது, வேற என்னவோ வந்துடுது. அது எங்க துறை இல்ல."

"அப்ப அந்த ஆச்சரியக்குறியையாவது எடுத்துடுங்க ஐயா."

"அது சட்டத்துல இருக்கு."

"நான் சொன்னதுக்கு அவ என்ன பதில் சொன்னான்னு..."

"வேண்டாம் சார், வரி நீண்டுடும். ரெண்டு வரிக்கு மேல போனா சாப்பாடு வந்துடும், முடிக்க மாட்டாங்க." தலைவர் பேனாவை நீட்டினார். பிறகு குரலைத் தணித்தார், அவருக்கும் எங்கோ ஒரு மூலையில் மனசு இருந்திருக்க வேண்டும். "நீங்க வேணாம்னாலும் வேணாம்தான். கையெழுத்துப் போடலேன்னா பூஜ்யமே இருந்துட்டுப் போகட்டும், யாருக்கும் தெரியாது. போட்டா, மாநிலத்துல ஒவ்வொரு டேபிள்லயும் இது இருக்கும். உங்க ஊர்லயும். யோசிச்சுக்கோங்க."

டெல்மர் யோசிக்கவில்லை. யோசித்தால் கை எழும்பாது என்று அவருக்குத் தெரியும். "அந்தப் பூஜ்யத்தை எடுத்துடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த அச்சுலயே."

கையெழுத்துப் போட்டார். அவர்கள் அதன்மேல் முத்திரை குத்தி, நினைவுப் பரிசாக ஒரு சூரியகாந்தி வில்லையை அவர் சட்டையில் குத்தி அனுப்பினார்கள்.

அவர் கையெழுத்துப் போடும்போதே ஆர்லோ வெளியே போய்விட்டிருந்தான். டெல்மர் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். மார்வா. நெற்றியோரத்தில் திருகாணி அழுத்திய தடம் சிவந்திருந்தது.

"சார், நான் உங்ககிட்ட பேசக் கூடாது, வேலை போயிடும். எங்க வீட்டு நிலவறையில ஜாடியும் டப்பாவுமா கெடக்கு. இன்னிக்குப் போனதும் காலி பண்ணப் போறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்." அவள் போகத் திரும்பியவள் நின்றாள். "அந்த ஒண்ணும் வெக்காத ரொட்டியைச் சொன்னீங்களே. அப்ப எனக்கு உள்ள என்னமோ செஞ்சுது சார். புருவத்துக்கு வரல. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க என்னம்மா செய்வீங்க" என்றார் டெல்மர்.

ஆர்லோ வண்டியைக் கிளப்பினான். வழியில் சலைனா நகரம் தாண்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் கோதுமை வெளுத்து அறுவடைக்கு நின்றது. டெல்மர் சட்டையில் இருந்த வில்லையைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கைக்குள் வைத்துக்கொண்டார். இவன் அடித்தாலும் பரவாயில்லை, வண்டியை நிறுத்தி இறங்கிப் போ என்றாலும் பரவாயில்லை, ஏதாவது பேசிவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. ஒன்றரை மாதம் அவன் வீட்டு அறையில் படுத்து, அவன் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ஆர்லோ வண்டியை ஓரம் கட்டினான். எஞ்சினை நிறுத்தினான்.

"அக்கா என்ன சொன்னா?"

"என்னடா?"

"நீ சோதனைன்னு சொன்ன. அதுக்கு அவ என்ன சொன்னா? அந்தாளு கேக்கல. நான் கேக்கறேன்."

டெல்மர் கைக்குள் இருந்த வில்லையை மடியில் வைத்தார்.

"சிரிச்சா. 'ஐயோ, ஆமால்ல, திங்கட்கிழமை! நான் ஒரு மடச்சி'ன்னு சிரிச்சா. 'சரி, அடுப்புல ரொட்டி இருக்கு, ஆறிப்போறதுக்குள்ள வந்துடு'ன்னுட்டு வெச்சுட்டா."

"பயப்படலையா?"

"இல்லடா. நான் சொன்னப்புறம் பயப்படல."

ஆர்லோ ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். அவன் முதுகில் கை வைக்க டெல்மருக்குத் தைரியம் வரவில்லை.